விருப்பத் தொகை

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை முற்பகலில், இரயில் நிலைய வாசலிலுள்ள வாடகைக்கார் நிறுத்தத்தின் தகரச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் மின்சாரக் கார் வாங்கிக் காட்டாத ஓட்டுநர்களின் நிறுத்த உரிமம் புதுப்பிக்கப்படமாட்டாது; காலாவதியான உரிமம் மீண்டும் வழங்கப்படமாட்டாது; உரிமம் எவர் பெயரில் உள்ளதோ அவரே காரை ஓட்டவேண்டும். அறிவிப்பின் சாரம் இவ்வளவே. அன்று அந்நிறுத்தத்தில் உரிமம் பெற்றிருந்தவர்களுள் ஒருவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அவருடைய இயற்பெயரை நிறுத்தத்தில் எவரும் சொல்வதில்லை. அரைக்கிளட்ச் என்றால்தான் தெரியும். நிலையத்திலிருந்து வெளியேறும் பாதை செங்குத்தான மேடு. அம்மேட்டில் வண்டிகள் ஊர்ந்தும் நின்றும் போகும்போது மற்றவர்கள் கைப்பிரேக்கோடு மல்லுக்கட்டுவார்கள். அவரோ இடது காலால் கிளட்சைப் பாதி அமுக்கிப் பாதி விட்டு, காரை முன்னும் நகராமல் பின்னும் உருளாமல் அந்தரத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே கைநீட்டிப் பக்கத்து வண்டிக்காரரோடு கதை பேசுவார். அந்த இடது காலைத்தான் சர்க்கரை நோய் எடுத்துக்கொண்டது. செருப்புக் கடித்த சிறு புண்ணில் தொடங்கிய தொல்லை, மார்ச் மாதத்தில் மருத்துவமனையின் அறுவைக்கூடத்தில் முடிந்தது. அவர் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தமையால், 'முழு விருப்பத்துடன் சம்மதிக்கிறேன்' என்று அச்சிட்டிருந்த தாளில் அவருடைய மனைவி கையெழுத்திட்டாள்.

அவள் அதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்பவள். அங்கே எல்லா நாளும் மழைக்காலந்தான். கொதிநீர்த் தொட்டிகளின் ஆவி கூரையில் முட்டிக் குளிர்ந்து, தலையில் சொட்டும். வெளுத்த விரிப்புகளை இரண்டு பெண்கள் சூட்டு உருளைகளுக்கிடையே செலுத்த, மறுபுறம் இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். மடிப்பு மேசைக்கு அவள் பொறுப்பு. மூலையோடு மூலை பொருந்தாத மடிப்பைக் கண்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் பிரித்து உதறிப் போட்டுவிட்டு நகர்வாள். மடித்தவள் முணுமுணுத்துக்கொண்டே மீண்டும் மடிப்பாள். அவளுக்கு அங்கே 'ஸ்கேல்' என்று பெயர்.

செயற்கைக் கால் கோடையில் வந்து சேர்ந்தது. அவர் அதற்குப் பங்காளி என்று பெயர் வைத்தார்.

"சோறு கேக்க மாட்டான், துணி கேக்க மாட்டான். ஆனா சொத்துல பாதிய வாங்கிட்டான்," என்பார், பார்க்க வருபவரிடமெல்லாம். "கூடவேதான் வர்றான். என்ன, சொன்ன பேச்சு மட்டும் கேக்க மாட்டேங்கிறான்."

வந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அவர்கள் போனபின் அவர் சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த தம் பழைய டீசல் காரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தார்ப்பாயின் பள்ளங்களில் மழைநீர் தேங்கும். அதில் காகங்கள் குளிக்கும். எழுந்துபோய் விரட்டலாம், அவர் விரட்டுவதில்லை.

அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்று மாலை, கொட்டும் மழையில் அவளுடைய தம்பி வந்தான். அவனும் அதே நிறுத்தத்தில் ஓட்டுபவன். மின்சாரக் காருக்கு முதலிலேயே பணம் கட்டிவிட்டவன்.

"மாமா, உங்களுக்கு நல்ல காலம் வந்து கதவைத் தட்டுது."

"தட்டட்டும். நான் பங்காளிய மாட்டிக்கிட்டுப் போய்த் தொறக்கறதுக்குள்ள அது அடுத்த வீட்டுக்குப் போயிடும்."

"விளையாடாதீங்க. கரண்ட் வண்டியில கிளட்ச்சே கிடையாது. கியர் கிடையாது. ரெண்டே மிதி, ரெண்டும் வலது காலுக்கு. இடது கால் சும்மா கூட வந்து வேடிக்கை பாத்தாப் போதும். லைசென்ஸ் ஆபீஸ்லகூட விசாரிச்சுட்டேன். 'கிளட்ச் இல்லாத வண்டி மட்டும், செயற்கைக் கால் மாட்டித்தான் ஓட்டணும்'னு எழுதிக் குடுத்துடறாங்களாம்."

அவர் சர்க்கரையில்லாத தேநீரைக் கீழே வைத்தார்.

"அப்ப மேட்டுல எப்படிடா நிக்கும்?"

"அதுவா நிக்கும் மாமா."

"உருளாம?"

"ஒரு இஞ்ச் உருளாது."

"அடப்பாவி. ஆயுசு பூரா நான் கால் கடுக்கக் கத்துக்கிட்டதை அது பொறந்த அன்னிக்கே பண்ணுதா?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு நின்றபின்னும் முகத்தில் ஓர் ஒளி தங்கியிருந்தது. மார்ச் மாதத்துக்குப்பின் அதை அவள் பார்த்ததில்லை.

"விலையச் சொல்லுடா," என்றாள் அவள். "பாதியச் சொல்லிட்டுப் பாதிய முழுங்காதே."

"அச்சடிச்ச விலைக்கு வங்கிக் கடனும் மாமாவோட இன்சூரன்சும் சரியாப் போயிடும் அக்கா. ஆனா…"

"ஆனா?"

"ஷோரூம்காரன் மேல கேக்கறான். ஊர்ல இருக்கிற அத்தனை டாக்சிக்காரனும் வாசல்ல நிக்கிறான், வண்டி வர்றதோ ஒண்ணு ரெண்டு. விடுவானா? விலையில அஞ்சுல ஒரு பங்கு, மேல."

"நீயும் குடுத்தியா?"

"பொண்டாட்டி நகையப் பாத்தியாக்கா? பாக்க முடியாது. அதான் பதில்."

அடுத்த சனிக்கிழமை மூவரும் கார்க்கடைக்குப் போனார்கள். கிடங்குகள் நிறைந்த சாலையில் முழுக்கக் கண்ணாடியாலான கட்டடம். அதன்முன் சற்றே சரிவான சிமெண்டு முற்றம். உள்ளே வெள்ளை நிறக் கார் ஒன்று விளக்குகளுக்கு நடுவே, தொட அஞ்சும்படி நின்றது. விற்பனையாளருக்கு முப்பது வயதிருக்கும். பணிவு மிகுந்தவர். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கணவருடைய ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"மேல கேக்கறீங்களாமே, அது எதுக்கு?" என்று அவள் நேராகக் கேட்டாள்.

"மேல இல்ல மேடம். விலை அச்சடிச்ச விலைதான், அதுல ஒரு காசு கூட்டமாட்டோம். இது விருப்பத் தொகை. கஸ்டமர் தானா விருப்பப்பட்டுக் குடுக்கிறது."

"எனக்கு விருப்பம் இல்லையே."

"அப்ப வேண்டவே வேண்டாம் மேடம். கட்டாயமே கிடையாது. வண்டி அடுத்த வருஷம் ஜூன்ல வரும்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விருப்பத் தொகை என்பது இலக்கணப்படி குற்றமற்ற தொடர். குற்றம் வேறிடத்தில் இருந்தது. 'என் சொந்த விருப்பத்தின்பேரில் இத்தொகையைச் செலுத்துகிறேன்' என்று கையெழுத்திட்டால், இரு வாரங்களில் வண்டி கிடைக்கும். அத்தொகை அவர்களிடம் இல்லை. அவளுடைய வைப்பு நிதியில் இருந்தது. வேலையைவிட்டு நின்றால் மட்டுமே அந்நிதியைத் தருவார்கள். அவ்வாறு நிற்பதற்கு மருத்துவமனை வைத்திருந்த பெயர், விருப்ப ஓய்வு.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார். அதுக்குத் தொகை கிடையாது," என்றார் விற்பனையாளர்.

சோதனை ஓட்டத்திற்கென்று வெளியே இன்னொரு கார் நின்றது. கணவர் அதில் ஏறி உட்கார்ந்த விதத்தை அவள் என்றும் மறக்கமாட்டாள். தம் கையாலேயே செயற்கைக் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். இருக்கையைச் சரிசெய்தார். கண்ணாடியைத் திருப்பினார். சக்கரத்தின்மேல் இரு கைகளையும் வைத்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டார். கூன் விழத் தொடங்கியிருந்த முதுகு நிமிர்ந்தது. விற்பனையாளர் அவருக்கு இடப்பக்கம் அமர்ந்தார். அவள் விற்பனையாளருக்குப் பின்னால் அமர்ந்தாள்; தம்பி கடையிலேயே நின்றுகொண்டான். கியர்த் தண்டு இல்லாமையால் முன்னிருக்கைகளின் நடுவே தரை வெறுமையாகக் கிடந்தது. அவருடைய இரு கால்களும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தன.

சாலை ஈரமாக இருந்தது. சத்தமே இல்லாமல் கார் கிடங்குகளைக் கடந்து சென்றது.

"இந்தா, ஓடுதா நிக்குதான்னே தெரியலையே!" என்றார் அவர். "மாப்ள இருந்தா இந்நேரம் தூங்கியே போயிருப்பான்."

முச்சந்தி வந்தது. கைவண்டி தள்ளும் ஒருவர் தொலைவில் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அவசரம் ஒன்றுமில்லை. கணவர் வலது காலை மெல்லப் பிரேக் மிதியில் வைத்தார். அதே கணத்தில் இடது பக்கத்தில் செயற்கைக் காலில் மாட்டியிருந்த சப்பாத்து தரையிலிருந்து எழும்பியது. கிளட்ச் இருக்கவேண்டிய இடத்திற்குப் போனது. அங்கே கிளட்ச் இல்லாமையால், அகன்ற பிரேக் மிதியின் இடது ஓரத்தில் முழு எடையோடு இறங்கியது. கார் ஆணியடித்தாற்போல் நின்றது. விற்பனையாளர் முன்னே துள்ளி இருக்கை வார்ப்பட்டையில் தொங்கினார். பின்னால் வந்த இருசக்கர வண்டி வழுக்கி, விழாமல் தப்பி, ஒரு வசவை வீசிவிட்டுச் சென்றது.

"பிரேக் என்னய்யா இவ்ளோ ஷார்ப்பா இருக்கு?" என்றார் அவர்.

"புது வண்டி சார், அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

அவள் அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். முற்றத்தின் சரிவில் இறங்கும்போது, எதிரே கண்ணாடிக் கதவை ஒரு துப்புரவுப் பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு இவர்கள் பக்கம். அவர் பிரேக்கில் வலது காலை வைத்தார். இடது சப்பாத்தின் முனை மீண்டும் கிளட்சைத் தேடிப் போயிற்று. இம்முறை அது மிதிக்கு அடியில் நுழைந்து சிக்கிக்கொண்டது. அவர் அழுத்தினார், மிதி இறங்கவில்லை. கார் உருண்டது. இரண்டாம் முறை அழுத்தியபோது சப்பாத்து நழுவி விடுபட்டது. துப்புரவுப் பெண்ணுக்கு ஒரு முழம் பின்னால் கார் நின்றது. அதற்குச் சத்தம் இல்லாமையால் அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. கதவின் மேல்மூலையை எட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தரை ஈரம்," என்றார் அவர். நெற்றியில் வியர்வை. ஆனால் முகம் முழுதும் மகிழ்ச்சி. "என்னம்மா, எப்படி ஓட்டுனேன்?"

"நல்லா ஓட்டுனீங்க," என்றாள் அவள்.

அந்தப் பொய்யை அவள் அங்கேயே பிரித்து உதறியிருக்கவேண்டும். செய்யவில்லை. அவர் காலைத் தேய்த்துவிட்ட இரவுகள் அவள் நினைவிலிருந்தன. இல்லாத பாதம் அரிக்கிறது, இல்லாத விரல்கள் மடங்கிக்கொண்டு வலிக்கின்றன என்று அவர் சொல்லும்போதெல்லாம், பாதம் இருந்த இடத்திலுள்ள காற்றை அவள் தடவிக்கொடுத்திருக்கிறாள். வெட்டி எடுத்த கால் வலிப்பதற்காக மட்டும் திரும்பி வருவதாக அதுவரை நினைத்திருந்தாள். அது வேலைக்கும் திரும்பி வருவதை அன்றுதான் கண்டாள். இதை அவரிடம் சொல்வதெப்படி? சொல்வதற்குப் பதிலாக, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காரணம் கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"விருப்பத் தொகையும் வேண்டாம், விருப்ப ஓய்வும் வேண்டாம்," என்றாள் அன்று மாலை. "அநியாயத்துக்கு ஒரு பேரு வெச்சுட்டா நியாயமாயிடுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. தம்பி கதவோரம் நின்றான்.

"அக்கா, ஊரே குடுக்குது."

"ஊர் குடுக்கட்டும்."

"மாமா இப்படியே சன்னலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா என்னக்கா ஆவாரு?"

"நீ சும்மா இருடா."

கணவர் சத்தம் உயர்த்தாமல் கேட்டார்.

"என் கால வெட்டறதுக்கு என்னைக் கேக்காமலே கையெழுத்துப் போட்ட. இல்லையா?"

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு? முழு விருப்பத்துடன். படிச்சுப் பாத்துதானே போட்ட? நீதான் எதையும் படிக்காம போடற ஆளில்லையே. வெட்டறதுக்கு விருப்பம் இருந்துச்சு. நான் எந்திரிச்சு நடமாடறதுக்கு மட்டும் விருப்பம் இல்ல."

"மாமா, அப்படியெல்லாம் பேசாதீங்க," என்றான் தம்பி.

"நான் பேசலடா. அந்தத் தாள் பேசுது."

அன்றிலிருந்து அவர் பங்காளியைக் குறித்து வேடிக்கை பேசுவதை நிறுத்தினார். கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொன்னார். அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். மழை விட்டுக் குளிர்காற்று தொடங்கியது. சலவைப் பிரிவில் உருளைகளுக்கருகே நிற்பது இதமாக இருக்குமளவுக்குக் குளிர். மடிப்பு மேசையில் அவளே மடித்த விரிப்பொன்றின் மூலை பிசகியிருந்ததை எதிரிலிருந்த பெண் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஸ்கேல் வளைஞ்சு போச்சா?"

"வளைஞ்சுதான் போச்சு," என்றாள் அவள். பிரித்து உதறினாள்.

நவம்பர் மாதக் கடைசியில், நண்பகல் உணவு வேளையில், அவர் மருத்துவமனைக்கே வந்துவிட்டார். ஊன்றுகோலோடு பேருந்தில் ஏறி இறங்கி, சலவைப் பிரிவின் பின்வாசல்வரை தனியாக நடந்து வந்திருந்தார். அழுக்குத் துணி மூட்டைகளுக்கிடையே மூச்சு வாங்க நின்றவரைக் கண்டு அவள் பதறி ஓடினாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"போன் வந்துச்சு. ஷோரூம்லேர்ந்து." அவருக்குப் பேச்சு தடுமாறியது. "எவனோ ஒருத்தன் புக் பண்ண வண்டி வேண்டாம்னுட்டானாம். வருஷக் கணக்கு முடிக்கணுமாம் அவங்களுக்கு. மேல ஒண்ணும் வேண்டாம், அச்சடிச்ச விலைக்கே எடுத்துக்குங்கன்னு சொல்றான். விருப்பத் தொகை கிடையாது. கேட்டியா? நீ வேலைய விட வேண்டாம். ஒரு கையெழுத்தும் போட வேண்டாம்."

உள்ளே உருளைகள் சுழலும் ஓசை கேட்டது. அவர் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னதுதான் சரி. அவசரப்பட்டுக் குடுத்திருந்தா ஏமாந்திருப்போம். நான்தான் அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

பிணக்கு தீர்ந்த அந்நேரத்தில், ஒளிந்துகொள்வதற்கு அவளுக்கு ஓரிடமும் மிச்சமில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசறேன்," என்றாள்.

"இன்னும் பேசறதுக்கு என்ன இருக்கு?"

"இருக்கு. நீங்க போங்க. பஸ்ல உக்காந்து போங்க, நின்னுக்கிட்டுப் போகாதீங்க."

மாலையில் அவள் வீடு வந்தபோது அவர் முகம் மழித்து, வெளுத்த சட்டை அணிந்து சமையலறை நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். முச்சந்தியில் சப்பாத்து எழும்பியது, முற்றத்தில் மிதிக்கு அடியில் சிக்கியது, துப்புரவுப் பெண் திரும்பிப் பார்க்காதது, எல்லாவற்றையும்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"பொய்."

"பொய் இல்லைங்க. பணம்தான் காரணம்னு சொன்னேனே, அதுதான் பொய்."

"என் கால் என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கால் என்ன பண்ணுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பற்களைக் கடித்தார். பின்பு சப்பாத்தைக் காட்டி, "சரி, பாத்துடுவோம். எதையாச்சும் கொண்டாந்து கீழ போடு," என்றார்.

அவள் அலமாரியிலிருந்து வெள்ளைத் தலையணை உறை ஒன்றை எடுத்தாள். தேய்த்து மடித்தது, மூலைக்கு மூலை பொருந்தியது. அதை விரித்து, கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தில், அவருடைய இடது சப்பாத்துக்கு முன்னால் தரையில் இட்டாள். வலது காலுக்குமுன் ஒரு பலகைத் துண்டை வைத்தாள். பகலில் நடந்து வந்த சேறு சப்பாத்தின் அடியில் இன்னும் ஒட்டியிருந்தது.

"நிறுத்துன்னு சொல்லு," என்றார்.

"நிறுத்துங்க."

வலது கால் மட்டும் பலகையை மிதித்தது. உறை வெள்ளையாகவே இருந்தது. அவர் வெற்றியோடு நிமிர்ந்தார். மீண்டும் சொல்லச் சொன்னார். மீண்டும் உறை வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். இப்ப நீங்க காலையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. ரோட்டுல காலையா நினைப்பீங்க?" அவள் அடுப்புப் பக்கம் திரும்பித் தண்ணீர் வைத்தாள். "நீங்க அடிக்கடி சொல்வீங்களே, சபாரி சட்டை போட்ட ஒருத்தர் உங்க வண்டியிலேயே பொட்டியை விட்டுட்டுப் போனாருன்னு, அவரு எந்த ஊருக்குப் போறதாச் சொன்னாரு?"

"எவரு? ஓ, அவரா! அவரு ஊருக்கு எங்க போனாரு? ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கப் போனாரு. பொட்டி பூரா பட்டுத்துணி. நான் மேட்டுல நிக்கிறேன், முன்னாடி பஸ்சு, பின்னாடி லாரி. மனுசன் கதவைத் தொறந்துக்கிட்டு இறங்கி ஓடறாரு, பஸ்சுல முதல் சம்சாரம் உக்காந்திருக்குன்னு…" அவர் கைகளைச் சக்கரம்போல் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்கள் சுவரைத் தாண்டி அந்த மேட்டைப் பார்த்தன. "நான் கத்தறேன், சார், பொட்டி, பொட்டின்னு…"

"பஸ் பின்னால உருளுதுங்க!" என்றாள் அவள்.

வலது கால் பலகையில் இறங்கியது. சிரிப்பு மாறாமலே அவர், "உருண்டா என்ன, நான்தான் நின்னுட்டேனே," என்றார்.

அவள் கீழே பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். தலையணை உறையின் நடுவில் பங்காளி நின்றுகொண்டிருந்தான். அவர் இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கினார். வெள்ளைத் துணியில் சேற்றுத் தடம் பதிந்திருந்தது. குதிகால் தடம் ஆழமாகவும் முன்பாதத் தடம் இலேசாகவும் இருந்தன. பாதி அமுக்கிப் பாதி விட்ட தடம்.

"அரைக்கிளட்ச்," என்றார் அவர்.

தண்ணீர் கொதித்து வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். அவர் குனிந்து உறையைக் கையிலெடுத்து, மூலைகளைப் பொருத்த முயன்றார், பொருந்தவில்லை. அவள் வாங்கி மடித்தாள்.

"பழகிடும்னு அந்தப் பையன் சொன்னான்," என்றார் அவர், கடைசியாக ஒருமுறை.

"பழகலாம். பழகற வரைக்கும் எதிர்ல யாரு நிப்பா?"

"அந்தக் கண்ணாடி தொடச்ச பொண்ணு திரும்பிப் பாத்துச்சா?"

"இல்லங்க. பாக்கவே இல்ல."

அவர் தலையசைத்தார். தொலைபேசியைக் கேட்டு வாங்கி, விற்பனையாளரைத் தாமே அழைத்தார். "வண்டி வேண்டாம் தம்பி. இல்ல இல்ல, விலை சரிதான். விருப்பம் இல்ல, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கார் வாங்கப்படவில்லை. அது மறுநாளே அச்சிட்ட விலைக்குமேல் இன்னொருவருக்கு விற்கப்பட்டதாகத் தம்பி சொன்னான். பழைய டீசல் காரை உதிரிப்பொருள் வணிகர் கொக்கி போட்டு இழுத்துச் சென்றார். தார்ப்பாயை மட்டும் கணவர் தரமறுத்துவிட்டார். நிறுத்தத்தின் தொலைபேசிக் கூண்டில் உட்கார்ந்து கார்களை வரிசைப்படி அழைக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. ஊதியம் குறைவு. கூண்டின் சன்னல் மேட்டைப் பார்த்திருக்கிறது. அவள் சலவைப் பிரிவிலேயே தொடர்கிறாள்.

டிசம்பர் மாதம் இரண்டாம் நாள், திங்கட்கிழமை, உரிம அலுவலகத்தில் அவர் தம் நிறுத்த உரிமத்தை ஒப்படைத்தார். உடல்நலம் இல்லாதவர் சார்பில் மனைவியே கையெழுத்திடலாம் என்று எழுத்தர் கூறி, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் ஒப்படைக்கிறேன்' என்னும் தொடரை வாய்விட்டு ஒருமுறை படித்தார். பின்பு அதன்கீழ்த் தாமே கையெழுத்திட்டார்.